பூட்டுக்காரர் கேட்காத கேள்வி

பக்கத்து வீட்டுப் பூட்டு ரிப்பேர்காரருக்கு வாய்க்கு மட்டும் பூட்டே கிடையாது என்று அவர் மனைவியே சொல்வாள். ஞாயிறு காலையில் எங்கள் குழு செல்போன் வீடியோவில் கூடிப் பிரார்த்தனை செய்யும். வருகிறவர்களை உள்ளே விடுவது அவர் வேலை. போன மாதம் வெளிநாட்டிலிருந்து புதிதாகக் குழுவில் சேர்ந்த ஒருவரிடம் எடுத்த எடுப்பில் சம்பளம் எவ்வளவு என்று கேட்டார். அந்த மனிதர் துண்டைக் காணோம், துணியைக் காணோம் என்று ஓடியவர்தான்.

இந்த ஞாயிறு மறுபடியும் ஒரு வெளிநாட்டு எண். ஒரு பெண். முகத்தைக் காட்டாமல், ஓரமாக இருந்து கேட்கலாமா என்றாள்.

குழுவில் இருக்கும் பூட்டுக்காரரின் மச்சினி விடுவாளா?

"எந்த ஊரும்மா? கல்யாணம் ஆயிடுச்சா? மூஞ்சியைக் காட்டினா என்ன, தேஞ்சா போயிடும்?"

"இல்லக்கா, நான் வந்து..." என்று அந்தக் குரல் தடுமாறியது.

பூட்டுக்காரர் சட்டென்று ஒரே அமுக்கில் எல்லார் குரலையும் அடைத்தார், தன் குரலையும் சேர்த்து. பிரார்த்தனை சொல்பவருக்கு மட்டும் திறந்துவிட்டார்.

அவள் கடைசிவரை இருந்தாள். "அடுத்த வாரமும் வரலாமா?" என்று எழுதிக் கேட்டாள். "தாராளமா வாம்மா" என்று பூட்டுக்காரர் பதில் போட்டார்.

பிறகு அவர் மனைவி அவரைக் குடைந்தது சுவர் வழியே என் காதில் விழுந்தது. நான் ஒன்றும் ஒட்டுக்கேட்கவில்லை.

"யாரு என்னன்னு விசாரிச்சீங்களா?"

"இல்ல."

"நீங்களா? காய்ச்சல் கீய்ச்சல் அடிக்குதா?"

"மண்டை வெடிக்குதுடி! ஆனா கேட்டா இதுவும் ஓடிடும். நாலு வாரம் பழகட்டும், அதுவே சொல்லும்."

நாலு வாரமா? எனக்கே தாங்காது.