வடக்கு பார்த்த மேசை

எங்கள் நாமக்கல் வீட்டில் சாப்பாட்டுத் தட்டைக்கூட, “கெழக்க தள்ளி வெய்யி” என்றுதான் சொல்வோம். இடது, வலது வாயில் வராது.

வெளிநாட்டு நர்ஸ் வேலைக்காக இரண்டாம் முறை ஆங்கிலத் தேர்வு எழுதினேன். ஓர் ஊரின் பழைய, புதிய வரைபடங்களைப் பார்த்து மாற்றங்களை எழுத வேண்டும். படத்தில் மேலே வடக்கு. நானோ மேற்கே பார்த்து உட்கார்ந்திருந்தேன். தாளை வடக்கே திருப்பினால் எழுத்து படுத்துக்கொண்டது; நேரே வைத்தால் எதுவும் புத்தியில் ஏறவில்லை. கண்காணிப்பாளர் அம்மா வந்து நின்றார். வெளியே அனுப்பிவிடுவாரோ என்று தாளைச் சட்டென்று நேராக வைத்தேன்.

“ஏனுங்க, தாள எதுக்குத் திருப்பறீங்க?”

“வடக்கு சன்னல் பக்கமுங்க. படத்துல வேற பக்கம் இருக்குதுங்க.”

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “எனக்கும் அப்படித்தானுங்க. எந்திரிங்க, மேசைய வடக்க பாத்துப் போட்டுக்கலாம்.”

அதன்பின் பேனா நிற்கவில்லை. தேறிவிட்டேன்.

அடுத்த வாரம் விமானம். இறங்கியதும் பொழுது எந்தப் பக்கம் கிளம்புகிறது என்று பார்த்துக்கொண்டால் போதும், மிச்சத்தைச் சமாளித்துவிடுவேன்.