பச்சை முகம் வைத்தவள்

ஓசூரை ஒட்டிய தொழிற்பேட்டையில், மோட்டார் சைக்கிளுக்கு முகப்பு விளக்கு செய்யும் தொழிற்சாலை ஒன்று. அதன் நான்காவது லைன் வாசலில் ஒரு வெள்ளைப் பலகை தொங்கும். "இன்று உங்கள் மனம் எப்படி இருக்கிறது?" என்று அதன் தலையில் எழுதியிருக்கும். வேலைக்கு நுழைகிறவர்கள் தங்கள் பெயருக்கு நேரே ஒரு காந்த வில்லையை ஒட்டிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். பச்சை வில்லையில் சிரித்த முகம். மஞ்சளில் வாய் ஒரு கோடு. சிவப்பில் அழுமூஞ்சி.

பச்சை வைத்தவர்களில் பெரும்பாலோர் பயத்தில் வைத்தார்கள். சிவப்பு வைத்தால் கூப்பிட்டு விசாரிப்பார்கள். விசாரித்த பிறகு எதுவும் மாறாது. விசாரிக்கப்பட்டவளின் பெயர் மட்டும் மேலே இருப்பவர்களுக்கு மனப்பாடமாகிவிடும். பூங்கொடி ஒருத்திதான் தன் மனதைக் கேட்டுப் பார்த்து, உண்மையாகவே பச்சை வைத்தாள். அவள் செய்த தப்பு அதுதான்.

மணப்பாறைப் பக்கத்துப் பெண். வயது முப்பத்திரண்டு. கணவன் லாரி ஓட்டியவன். குருபரப்பள்ளிக்கு அருகே, விளக்குப் போடாமல் சாலையில் நின்றிருந்த ஒரு வண்டியின் பின்னால் மோதி, அந்த இடத்திலேயே முடிந்துபோனான். அப்போது மகள் தர்ஷினிக்கு ஆறு வயது. கணவனின் அக்கா ஜோதிமணி காவேரிப்பட்டினத்தில் இருந்தாள். "புள்ளைய எங்கிட்ட விடு. நீ வேலையப் பாரு" என்றாள். நல்ல மனுஷி. குழந்தை அங்கே தங்கியது. தாய் ஓசூருக்கு வந்து காண்ட்ராக்டில் சேர்ந்தாள். விடுதியில் ஓர் அறைக்கு எட்டுப் பெண்கள். குழந்தைகளுக்கு அனுமதி இல்லை.

காவேரிப்பட்டினம் என்ன கண்காணாத தேசமா? பஸ்ஸில் இரண்டு மணி நேரம். ஆனால் பூங்கொடிக்கு வார விடுமுறை புதன்கிழமை. ஞாயிறு நிரந்தர ஊழியர்களுக்கு. ஒரே லைனில், ஒரே விளக்கில், ஒருத்தி இடப்பக்கத் திருகாணியையும் இன்னொருத்தி வலப்பக்கத் திருகாணியையும் முடுக்குவார்கள். ஒருத்திக்கு ஞாயிறு உண்டு, மற்றவளுக்குக் கிடையாது. புதனன்று தர்ஷினி பள்ளிவிட்டு வர நாலரை மணியாகும். விடுதிக் கதவு எட்டு மணிக்குச் சாத்தப்படும் என்பதால் ஐந்தேகால் பஸ்ஸைப் பிடித்தாகவேண்டும். வாரத்துக்கு முக்கால் மணி நேரம். அதிலும் பாதி, பிள்ளை சீருடையைக் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிடும் நேரம்.

சேர்ந்த புதிதில் அவள் கழிப்பறைக்குள் போய் அழுதாள். அதற்கும் நேரக் கணக்கு உண்டு என்று தெரிந்ததும் லைனிலேயே அழுதாள். பிறகு ஒன்றைக் கவனித்தாள். கை ஓடும்போது அழுகை வருவதில்லை. ஒரு விளக்கு நகர்ந்து அடுத்த விளக்கு வந்து சேரும் அந்த நாலைந்து நொடி இடைவெளியில்தான் வருகிறது. கணவனைத் துணி மூடிக் கிடத்தியிருந்த காட்சி, சொல்லிவைத்தாற்போல் அந்த இடைவெளியில் வந்து நிற்கும். சரி, அந்த இடத்தை நான் காலியாக விட்டால்தானே அது வந்து உட்காருகிறது என்று அவளுக்குப் பட்டது.

அன்றிலிருந்து அந்த இடைவெளியில், மனதுக்குள் மகளுக்குத் தலை பின்னத் தொடங்கினாள். ஒரு விளக்குக்கு ஒரு மடிப்பு. முதல் விளக்கில் வகிடு. அடுத்ததில் முடியை மூன்று காலாகப் பிரிப்பது. பிறகு ஒன்றன்மேல் ஒன்றாக. ரிப்பன் கட்டி முடிக்கும்போது இருபது விளக்குகள் போயிருக்கும். மறுபக்கச் சடையை ஆரம்பிப்பாள். முதலில் துணி மூடிய காட்சி முண்டியடித்துக்கொண்டுதான் வந்தது. அதை விரட்டவில்லை. "இரு, இந்த மடிப்பு முடியட்டும்" என்று ஓரமாக உட்காரவைத்தாள். மாதங்கள் போகப் போக அதுவும் அடங்கி உட்காரப் பழகிக்கொண்டது. எட்டு மணி நேரம் கழித்து லைனைவிட்டு வெளியே வரும்போது அவள் முகத்தில் நிஜமாகவே ஒரு தெளிவு இருந்தது.

இதில் அற்புதம் எதுவும் கிடையாது. அவள் விரதம் இருக்கவில்லை, தாயத்துக் கட்டவில்லை, எந்தச் சாமியார் காலிலும் விழவில்லை. எண்ணம் எப்போது வருகிறது, எதனால் வருகிறது என்று பார்த்தாள். பார்த்ததை வைத்து ஒரு வழி கண்டாள். ஆய்வுக்கூடத்தில் ஒருவர் இதையே செய்திருந்தால் பெயரும் பட்டமும் கொடுத்திருப்போம்.

ஒருநாள் கேன்டீனில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டார்கள். பெங்களூரிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்தார். "மகிழ்ச்சி வெளியில இல்லம்மா, உங்களுக்குள்ள இருக்கு. சூழ்நிலையைக் குறை சொல்றதை நிறுத்துங்க. எண்ணத்தை மாத்துங்க, வாழ்க்கை மாறும்" என்றார்.

பூங்கொடிக்குத் தூக்கிவாரிப்போட்டது. தான் கண்டுபிடித்ததைத்தான் அவரும் சொல்கிறார். ஆனால் அவர் வாயில் அது ஏன் இப்படிக் கசக்கிறது?

பக்கத்தில் இருந்த மாதேஸ்வரி கையைத் தூக்கினாள். சூளகிரிப் பக்கத்துக்காரி, பூங்கொடியைவிட நாலு வயது சின்னவள். அப்பனும் ஆத்தாளும் ஊர்க்காரர் நிலத்தில் கூலி செய்தவர்கள். வாய்க்குப் பூட்டு கிடையாது. "சார், சந்தோசம் உள்ள இருக்குது, ஒத்துக்கறேன். லேடீஸ் பாத்ரூம் தாப்பா ஒடஞ்சு மூணு மாசம் ஆவுதே, அது உள்ள இருக்குதா, வெளிய இருக்குதா?"

கேன்டீன் கொல்லென்று சிரித்தது. பயிற்சியாளரும் சிரித்துவிட்டுத் திரையில் அடுத்த படத்துக்குப் போனார்.

அடுத்த புதன்கிழமை காவேரிப்பட்டினத்தில், தர்ஷினியின் சடை கலைந்திருந்ததைப் பார்த்துப் பூங்கொடி சீப்பை எடுத்தாள். "வா பாப்பா, அம்மா பின்னி விடறேன்."

"வேணாம்மா. நானேதான் பின்னிக்கிறேன். அத்தை சொல்லிக்குடுத்துச்சு."

"எப்பலேர்ந்து?"

"அது ரொம்ப நாளாச்சு. உனக்குத் தெரியாதா?"

தெரியாது. பிள்ளை பின்னிக்கொள்வது காலையில். தாய் பார்ப்பது சாயங்காலத்தில். மறுநாள் லைனில் முதல் விளக்கு வந்தது. வகிடு எடுக்கக் கை எழவில்லை. இத்தனை மாதமாகத் தான் பின்னிக்கொண்டிருந்தது ஓர் ஆறு வயதுக் குழந்தையின் தலையை என்று அப்போது விளங்கியது. ஒன்பது வயதுக்காரி எப்படிச் சீவிக்கொள்கிறாள், எந்தப் பக்கம் வகிடு எடுக்கிறாள் என்று அவளுக்குத் தெரியாது. நினைத்துப் பார்ப்பதற்குக்கூடக் கொஞ்சம் பார்த்திருக்க வேண்டுமே!

அன்று ஷிப்ட் முடிந்ததும் ஹெச்.ஆர். அதிகாரி ஜெகதீஷைப் பார்க்கப் போனாள். "சார், வீக் ஆஃபை ஞாயித்துக்கிழமைக்கு மாத்திக் குடுங்க. பாப்பாவோட ஒரு முழு நாள் இருக்கணும்."

ஜெகதீஷ் கெட்டவர் அல்ல. மரியாதையாகத்தான் பேசினார். கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினார். "இங்க பாருங்கம்மா. இருநூத்திப் பதினாலு நாளா பச்சை. ஒரு மஞ்சகூடக் கிடையாது. ப்ளாண்ட்லயே நீங்கதான் ஹேப்பியான ஆளு. உங்களுக்கே ஞாயிறு வேணும்னா, மத்தவங்க என்ன சொல்லுவாங்க? ஷெட்யூல்ல எந்தப் பிரச்சனையும் இல்லன்னு இந்த போர்டுதானே சொல்லுது?"

"அது என் மனசப் பத்திக் கேட்டதுன்னுல்ல சார் வச்சேன்."

"அதேதான். உங்க போட்டோவை கேன்டீன்ல மாட்டலாம்னுகூட இருக்கோம்."

விடுதிக்கு வந்து சொன்னதும், அதே அறையில் தங்கியிருந்த மாதேஸ்வரி தலையில் அடித்துக்கொண்டாள். "அய்யோ, வாடா மல்லி மாதிரி மூஞ்ச வச்சிக்கினு தெனமும் போயி பச்ச ஒட்டினியே! உன்னக் காட்டித்தான் எங்க எல்லார் வாயையும் அடைச்சிருக்கானுங்கோ."

"நான் பொய் சொல்லலியே மாதேஸ்வரி. மனசு நெசமாவே நல்லாத்தான் இருந்துச்சு."

"சும்னிரு அக்கா" என்று வாயை மூடச் சொல்லிக் கன்னடத்தில் அதட்டினாள் அவள். "உன் மனசு நல்லாருந்தா உன்னால நல்லாருக்குது. அவனுங்களாலயா?"

பூங்கொடிக்கு அந்தக் கேள்வி முள்ளாகத் தைத்தது. உடைந்து கிடந்த ஒருத்தி தன்னைத் தானே ஒட்டவைத்துக்கொண்டாள். அந்த உழைப்பை ஒரு பலகை எடுத்துக்கொண்டு, எங்கள் தொழிற்சாலையில் யாருக்கும் குறை இல்லை என்று கணக்குக் காட்டியிருக்கிறது. விளக்குச் செய்ததற்காவது கூலி வந்தது. இதற்கு வந்த பரிசு கேன்டீன் சுவரில் ஒரு போட்டோ.

மறுநாள் காலை பலகையின் முன்னால் நின்றாள். மனம் அமைதியாகத்தான் இருந்தது. சிவப்பு வில்லையை எடுத்து ஒட்டினாள். பின்னால் வந்த மாதேஸ்வரி தானும் சிவப்பு வைத்தாள். அடுத்தடுத்த நாட்களில் புதன், வியாழன் விடுமுறைக்காரிகள் ஒவ்வொருத்தியாக வைத்தார்கள். ஒரு வாரத்தில் காண்ட்ராக்ட் பெண்களின் வரிசை முழுவதும் சிவந்துவிட்டது. அந்த மாதக் கடைசியில் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் தொழிற்சாலையைப் பார்வையிட வருவதாக இருந்தது. பலகையைக் கழற்றினால் ஏன் கழற்றினீர்கள் என்ற கேள்வி வரும். சென்ற ஆண்டு வந்தவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

ஜெகதீஷ் கூப்பிட்டு அனுப்பினார். "என்னம்மா, திடீர்னு மனசு சரியில்லையா? கவுன்சிலிங் ஏற்பாடு பண்ணட்டுமா?"

"என் மனசு நல்லா இருக்கு சார். அத நான் பாத்துக்கிறேன். உங்க ஞாயித்துக்கிழமைதான் சரியில்ல. அத நீங்க பாருங்க."

பதினைந்து நாள் இழுபறிக்குப் பிறகு ஒரு சுற்றறிக்கை வந்தது. காண்ட்ராக்ட் பெண்களுக்கு மாதத்தில் ஒரு ஞாயிறு, முறை வைத்து.

பூங்கொடியின் முறை வந்த ஞாயிறன்று, காலை எட்டு மணிக்கே காவேரிப்பட்டினம் போய்ச் சேர்ந்தாள். தர்ஷினி அப்போதுதான் எழுந்து, வாயில் பிரஷ்ஷோடு நின்றுகொண்டிருந்தாள். தூங்கி எழுந்த முகத்தில் மகளைப் பார்த்து எத்தனை காலம்! இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து இட்லி தின்றார்கள். பகலில் தென்பெண்ணைப் பாலம் வரை நடந்தார்கள். தர்ஷினி வகுப்பில் நடந்த சண்டைகளை விலாவாரியாகச் சொன்னாள். பெரிதாக எதுவும் நடக்கவில்லை. அந்த ஒன்றும் நடக்காத நாளுக்குத்தான் அவள் மூன்று வருடமாக ஏங்கியிருந்தாள்.

மூன்று மணிக்குமேல் பிள்ளை கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினாள்.

"இனி எப்பம்மா ஞாயித்துக்கிழமை வருவ?"

"அடுத்த மாசம்டா."

"மாசத்துக்கு நாலு ஞாயித்துக்கிழமை இருக்குல்ல? ஒண்ணு உனக்கு. மீதி மூணு யாருக்கு?"

"கம்பெனிக்கு."

"கம்பெனி சார் வீட்ல பாப்பா இருக்கா?"

"இருக்கும்."

"அப்ப அவரு ஞாயித்துக்கிழமை எங்க போவாரு?"

சமையலறையிலிருந்து ஜோதிமணி, "பஸ்ஸுக்கு நேரமாவுது, புள்ள கேக்குதுன்னு நின்னுட்டிருக்காத" என்றாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கிருஷ்ணகிரி தாண்டியபோது மகளின் கேள்வி வந்து நின்றது. ஓர் எண்ணத்தை எப்படி ஓரமாக உட்காரவைப்பது என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் அந்த பஸ்ஸில் இருந்திருக்க மாட்டார்கள். அவள் அதைச் செய்யவில்லை. சூளகிரி வந்தது, ஓசூர் வந்தது. அழுகை வந்தபோது அழுதாள்.

திங்கட்கிழமை ஷிப்ட் முடிந்ததும் ஜெகதீஷின் அறைக்குப் போனாள். உட்காரச் சொல்லும்முன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மகள் கடைசியாகக் கேட்டதையே அவரிடம் கேட்டாள்: "உங்க வீட்ல பாப்பா இருக்கா சார்? அப்ப ஞாயித்துக்கிழமை நீங்க எங்க போவீங்க?"