அம்மா எழுமலைக்குப் போன இரவு

“உக்காந்தா தூங்கிருற ஆளு நீ. அங்க காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் கிளாஸ்ல எப்படிம்மா உக்காருவ?”

எங்கள் அலுவலகக் கண்காணிப்பாளர் இப்படிக் கேட்டபோது எனக்கு வந்திருந்த பயிற்சி ஆணை அவர் மேசை மேல் இருந்தது. புதிதாக வேலையில் சேர்ந்தவர்கள் வெளியூர் விடுதியில் தங்கி ஒரு பயிற்சியை முடிக்க வேண்டும். அதை முடித்தால்தான் வேலை உறுதியாகும். “வேணும்னா அடுத்த பேட்ச்ல போறேன்னு எழுதிக் குடு. நான் மேல பேசிக்கிறேன்” என்றார். அவர் திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அக்கறையாகச் சொன்னதுதான் சுட்டது.

அவர் சொன்னதில் பொய் இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஃபைலைப் பிரித்தால் எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். பேனா கோடு இழுத்துக்கொண்டு போகும். காலையில் எழும்போதே தலை கனமாக இருக்கும். டீ குடித்தேன், முகம் கழுவினேன், தொடையைக் கிள்ளிக்கொண்டேன். அப்பா கொத்தனார், அம்மா சித்தாள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். பரீட்சை எழுதி இந்த நாற்காலிக்கு வந்தேன். என்னைப் போன்ற ஒருத்தி அதில் உட்கார்ந்து தூங்கினால், ‘பாவம், அசதி’ என்று யாரும் நினைப்பதில்லை. ‘வேலை கிடைத்த மிதப்பு’ என்றுதான் நினைப்பார்கள்.

பக்கத்து இருக்கையில் ஓர் அக்கா. மதுரைக்குள் பழைய தெருவொன்றில் பெரிய குடும்பம், அப்பாவை அத்தா என்று கூப்பிடுகிறவர்கள். கண்காணிப்பாளர் பேசியது அவர் காதிலும் விழுந்திருந்தது. டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

“ராத்திரி கொறட்டை விடுவியா?”

“நானா? இல்லக்கா.”

“தூங்குறவளுக்கு எப்படித் தெரியும்? வீட்டுல கேளு. எங்க அத்தாவும் இப்படித்தான் டீ கிளாஸக் கையில வச்சுக்கிட்டே தூங்குவாக. நாங்க பூராப் பேரும் சிரிப்போம். கடைசில பாத்தா ராத்திரியில மூச்சு நின்னு நின்னு வந்திருக்கு.”

“உங்க அத்தாவுக்கு வயசாகிருச்சுக்கா. ஆளும் பெரிய ஆளு.”

“ஆமா, மூச்சுக்குத் தெரியுமாக்கும் நீ எம்புட்டு ஒல்லின்னு!”

அன்று மாலை விளாங்குடியில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவிடம் கேட்டேன். நான் குறட்டை விடுவேனா என்ற கேள்விக்கு அம்மாவின் முகம் மலரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

“விடாம? மாடிவீட்டுக்காரி ஒருநா வந்து, என்னக்கா ஒங்க வீட்டுல ராத்திரி மாவு மில்லு ஓடுதான்னு கேட்டா. எம்பிள்ள படிச்சு அலுத்துத் தூங்குது, ஒம்பிள்ளயவும் படிக்கச் சொல்லு, அதுக்கும் வரும்னு சொல்லி அனுப்பிட்டேன்.”

அம்மாவுக்கு என் குறட்டை நான் வாங்கிய மதிப்பெண்ணில் சேர்த்தி. அதனாலேயே யாரும் அதை ஒரு நோய் என்று நினைக்கவில்லை. நானும் சிரித்துவிட்டேன். ஆனால் மறுநாள் அக்கா சொன்ன டாக்டரிடம் போனேன்.

டாக்டர் என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு பக்கவாட்டில் திருப்பி முகத்தைப் பார்த்தார். கீழ்த்தாடை சின்னது, கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது, தூக்கத்தில் நாக்கு பின்னால் சரிந்து மூச்சுக் குழாயை அடைக்கலாம் என்றார். பெண் பார்க்க வந்தவர்கள் ‘சின்ன வாய், லட்சணமா இருக்கு’ என்று சொன்ன அதே தாடைதான். வீட்டிலேயே ஒரு ராத்திரி பரிசோதனை செய்துகொள்ளலாம் என்று ஒரு சின்னப் பெட்டியைக் கொடுத்தார்கள். நெஞ்சைச் சுற்றி ஒரு பெல்ட், மூக்குக்குக் கீழே ஒரு குழாய், விரலில் ஒரு கிளிப். பட்டனை அழுத்திப் பச்சை விளக்கு எரிந்தால் தூங்க வேண்டியதுதான்.

எங்கள் வீட்டில் ஒரே ஹால், ஒரே ஃபேன். மூன்று பேரும் வரிசையாகப் படுப்போம். நான் நடுவில். அம்மா பெல்ட்டைக் கட்டிவிட, அப்பா சுவரில் சாய்ந்தபடி மேற்பார்வை பார்த்தார்.

“லூசா இருக்கு. நல்லா இழுத்துக் கட்டு.”

“ஏன், பிள்ளைய மூச்சு விட வேணாங்கிறீகளா? இது என்ன சாரமா?”

“சாரத்துலயாவது ரெண்டு மூங்கி இருக்கும். இது ஒத்தக் கயிறு” என்று சொல்லிவிட்டு அப்பா படுத்தார். நான் எதிர்பார்த்ததைவிட சீக்கிரம் தூங்கிப்போனேன்.

பெட்டியைத் திருப்பிக் கொடுத்த பிறகு டாக்டர் கூப்பிட்டார். கணினியில் வளைவு வளைவாக என் ராத்திரி ஓடிக்கொண்டிருந்தது. அவர் நெற்றியைச் சுருக்கினார். மூச்சு அடைக்கத் தொடங்குகிறது, முழுதாக அடைபடுவதற்குள் நான் சட்டென்று ஒருக்களித்துவிடுகிறேன். மறுபடி மல்லாந்து படுக்கிறேன், மறுபடி அதே கதை. இப்படி ஒழுங்காக ஒருவர் புரள்வதை அவர் பார்த்ததில்லையாம்.

“பக்கத்துல யாராவது படுத்திருந்தாங்களா?”

“அம்மா.”

“அவங்ககிட்டக் கேட்டுப் பாருங்க.”

கேட்டேன். அம்மா உலைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்.

“மூச்சு முட்டுச்சுன்னா தட்டி ஒருச்சாச்சுப் படுக்க வைப்பேன். வேற என்ன செய்யிறது?”

“எப்ப இருந்தும்மா?”

“நீ பத்தாவது படிக்கையில இருந்து.”

“தினமுமா?”

“அதுக்குன்னு எந்திரிக்கவா செய்றேன்? கை அது பாட்டுக்குப் போகும்.”

அப்பா உள்ளே வந்தார். “அதான் நீ பகல்ல சித்தாள் வேலையில நின்னுக்கிட்டே தூங்குறியாக்கும். மேஸ்திரி என்னையில்ல ஏசுறான்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்தாவது, பன்னிரண்டாவது, கல்லூரி, அதற்குப் பிறகு போட்டித் தேர்வு. அத்தனை வருடமும் என் முதுகில் ஒரு கை இருந்திருக்கிறது. நான் என் உழைப்பு என்று எண்ணிக்கொண்டதில் அந்தக் கையும் இருந்தது. பயிற்சி விடுதியில் அது இருக்காது. கண்காணிப்பாளரின் கேள்வி இப்போது என் கேள்வியாகவே ஆகிவிட்டது.

விஷயத்தைக் கேட்ட டாக்டர் இன்னொரு ராத்திரி பரிசோதனை செய்யச் சொன்னார். இந்த முறை யாரும் என்னைத் தொடக் கூடாது. அம்மாவையும் அழைத்துப் போயிருந்தேன்.

“தட்டலேன்னா மூச்சு நின்னு போகாதா சார்?”

“நிக்காதும்மா. முட்டுச்சுன்னா உடம்பு தானா அரைத் தூக்கத்துல முழிச்சு மூச்ச இழுத்துக்கிடும். அப்படி அடிக்கடி முழிக்கிறதுனாலதான் பகல்ல தூக்கம் வருது. எம்புட்டு நேரம் முட்டுதுன்னு தெரிஞ்சாத்தான் வைத்தியம் பாக்க முடியும்.”

அம்மா தலையாட்டினாள். நம்பவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

ஹாலின் அந்த மூலையில் படுக்கிறேன் என்றாள். பிறகு அடுப்படியில் படுக்கிறேன் என்றாள். கடைசியில் மதியமே ஒரு பையில் சேலையை வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

“எழுமலைக்குப் போறேன், எங்க அக்கா வீட்டுக்கு. ஒரே வீட்டுல இருந்தா என் கை சும்மா இருக்காது. காலையில வாரேன்.”

“நான் பாத்துக்கிறேன்” என்றார் அப்பா.

“நீங்க பாக்குற லட்சணம் தெரியாதா? படுத்தா இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டீக. அதுனாலதான் விட்டுட்டுப் போறேன்.”

விடிந்தும் விடியாமல் போன் அடித்தது. மூக்கில் குழாயோடு எடுத்தேன்.

“ஏத்தா, மூச்சு விடுறியா?”

“விடாமத்தான் ஒன்கூடப் பேசிக்கிட்டு இருக்கேனா?”

அந்தப் பக்கம் பெரியம்மாவின் குரல் கேட்டது. “ஒங்கம்மா நைட்டு பூராம் என் முதுகத் தட்டுனாடி! எனக்குத்தான் தூக்கம் போச்சு.”

இந்த முறை வளைவுகள் மறைக்காமல் பேசின. மூச்சு நின்று நின்று வந்திருந்தது. ஒவ்வொரு முறையும் ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்கி ஏறியிருந்தது. டாக்டர் ஒவ்வொன்றாகக் காட்டினார். எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். மாறாக, நெடுநாள் கழித்து மனசு லேசானது. நான் சோம்பேறி இல்லை. அது அங்கே வரைந்து காட்டப்பட்டிருந்தது.

மூக்கில் மாட்டிக்கொள்ளும் முகமூடியும் அதற்குக் காற்றைத் தள்ளும் சின்ன இயந்திரமும் வந்தன. முதல் சில நாள் முகமூடி அழுத்தியது, கழற்றி எறிந்தேன். வேறு அளவு மாற்றிக் கொடுத்தார்கள். பிறகு ஒரு காலை, எழுந்தபோது தலை கனக்கவில்லை. அம்மா மட்டும் சோர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“சத்தமே இல்லத்தா. சத்தம் இல்லாமப் பயமா இருக்கு. தூக்கமே வரல.” கொஞ்சம் பொறுத்து அடுத்ததைக் கேட்டாள். “விடுதியில நாலு பிள்ளைக முன்னாடி இத மாட்டிக்கிட்டுப் படுப்பியா? பொண்ணு கேட்டு வாரவுக காதுல விழுந்தா?”

“விழட்டும்மா. கூடப் படுக்கிறவனுக்குத் தெரியாமலா இருக்கும்?”

“வாயப் பாரு!” என்று சொல்லிவிட்டு அம்மா எழுந்து போனாள். ஆனால் அன்று சாயங்காலம் அப்பா வேலை முடிந்து வரும்போது நீளமான எக்ஸ்டென்ஷன் ஒயர் ஒன்று வாங்கி வந்தார். அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

கண்காணிப்பாளர் சென்ற வாரம் மறுபடி கேட்டார். “என்னம்மா, அடுத்த பேட்ச்தானே? எழுதித் தாரியா?”

“இல்ல சார். இந்த பேட்ச்லயே போறேன்.”

என் இருக்கைக்கு வந்து, அங்கிருந்தே பயிற்சி விடுதிக்கு போன் போட்டேன். வெளியே போய்ப் பேசியிருக்கலாம், போகவில்லை. அக்கா எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

“சார், எனக்குக் கட்டில் பக்கத்துல பிளக் பாயிண்ட் வேணும்.”

“செல் சார்ஜ் எல்லாம் வெளிய வராண்டாவுலதாம்மா.”

“செல்லுக்கு இல்ல சார். எனக்குத் தூக்கத்துல மூச்சு அடைக்கும். அதுக்கு ஒரு மெஷின் வச்சிருக்கேன். ராத்திரி பூரா ஓடணும்.”

அலுவலகத்தில் தட்டச்சுச் சத்தம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. போனில் ரெஜிஸ்டரின் தாள்கள் புரளும் ஓசை.

“ஜன்னலோரம் ஒரு கட்டில் இருக்கு, சுவத்துலயே பிளக் இருக்கு. போட்டு வைக்கிறேன். பேரு சொல்லுங்க.”

சொன்னேன், எல்லோருக்கும் கேட்கும்படியாக.