கீழத்தெரு வழியாகப் போன சப்பரம்

முதல் வருஷம் சப்பரம் எங்கள் வீட்டு வாசலில் நின்றபோது ஊரோடு சேர்ந்து நானும் மண்டியிட்டு அழுதேன். பின்னால் நடந்ததையெல்லாம் நினைத்தால், அந்தக் கண்ணீரை வேறு எதற்காவது வைத்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

வடமதுரை ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற கிறிஸ்தவக் கிராமம் எங்களுடையது. நான் திண்டுக்கல் டவுனில் படித்தவள். கல்யாணமாகி வந்து கோவில் பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்தேன். வீட்டுக்காரருக்கு விவசாயம். வைகாசித் திருவிழாவில், சம்மனசு என்று நாங்கள் கும்பிடுகிற தேவதூதரின் சுரூபத்தை ஏற்றிய சப்பரத்துக்கு வலதுபக்க முன் தண்டு அவர் தோளில்தான் இருக்கும். வருஷம் முழுக்க மண்வெட்டி பிடித்த மனுஷனுக்கு அந்த ஒரு ராத்திரிதான் பெருமை. தோளில் காய்த்துப் போயிருந்த இடத்தை என்னிடம் காட்டி, "டீச்சரம்மா, இது சம்மனசு போட்ட கையெழுத்து" என்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் ஒரு கோடை. கிணற்றில் தூர் வார இறங்கினார். கால் வைத்த படிக்கல் பெயர்ந்து பாறைமேல் மல்லாக்க விழுந்தார். டவுன் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தோம். இடுப்புக்குக் கீழே இனி உணர்வு திரும்பாது என்று டாக்டர் சொன்னதை நான்தான் அவரிடம் சொன்னேன்.  அவர், "செவமாலைய எடு" என்றார். எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது. கிணற்றுக்குள் விழும்போது தாங்கிப் பிடிக்காத சாமியின் கையைப் பிடித்துக்கொண்டு இப்போது என்ன கும்பிடு?

வீட்டுக்கு வந்ததும், அவர் படுத்தபடியே வெளிக்குப் போக, கயிற்றுக் கட்டிலின் நடுவில் கயிற்றை அறுத்து ஓட்டை போட்டேன். பள்ளிக்கூடத்து மணி அடித்தால் ஓடிவந்து அவரைப் புரட்டிப் போட்டுவிட்டு, அடுத்த மணிக்குள் திரும்ப ஓடுவேன். ஒரு நாள் தவறினாலும் முதுகில் புண் வந்துவிடும். சாயங்காலம் விளக்கு ஏற்றினால் அவர் செபம் தொடங்குவார். நான் அடுப்படியிலிருந்தே பதில் சொல்வேன். பாதி பதில், பாதி முணுமுணுப்பு.

திருவிழா வந்தது. பங்குச் சாமியார் வராத நாட்களில் கோவிலைப் பார்த்துக்கொள்கிற உபதேசியார் வந்து, "கட்டில வெளிய போட்டு வைங்க. சப்பரத்த இங்க எறக்குவோம். சம்மனசு எந்திரிக்க வச்சுரும்" என்றார். அப்படித்தான் செய்தோம். சப்பரம் இறங்கியது. பேண்டு வாத்தியம் நின்றது. ஊரே மண்டியிட்டு அவருடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தது. கால் அசையவில்லை.

மறுவருஷம் சேதி பரவி வெளியூர்க்காரர்களும் வந்துவிட்டார்கள். ரேக்ளா பந்தயம் பார்க்க வந்ததுபோல் சுவரில் ஏறி உட்கார்ந்தார்கள். அந்த வருஷமும் ஒன்றும் நடக்கவில்லை. உபதேசியார் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "விசுவாசம் கொறஞ்ச வீட்டுல சம்மனசு என்னப்பா செய்யும்?" என்றார். அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. டவுன்காரி, படித்தவள், பிள்ளை இல்லாதவள். வேறு யாரைப் பார்ப்பார்கள்? அதற்குப் பிறகு பெண்கள் தண்ணீர் எடுக்கிற இடத்தில் என்னைப் பாவசங்கீர்த்தனம் செய்யச் சொன்னார்கள். எந்தப் பாவத்தை என்று கேட்டேன். "அது ஒனக்குத்தானத்தா தெரியும்" என்றார்கள்.

இப்படியே சில வருஷம் போயிற்று. ஒவ்வொரு திருவிழாவுக்கும் வெக்கையில் வெகுநேரம் வெளியில் கிடந்து அவர் முதுகில் புண் திறந்துகொள்ளும். அறுபதுகள் பிறந்திருந்தன. ஒரு வைகாசியில் பொறுக்க முடியாமல், "இந்த வருஷம் உங்கள வெளிய தூக்க விடமாட்டேன். ஊருக்கு வேடிக்கை காட்டுனது போதும்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "அவங்க நான் எந்திரிக்கிறதப் பாக்க வாராங்க. நான் எந்திரிக்க மாட்டேன்னு எனக்குத் தெரியாதாக்கும்? நான் சம்மனசப் பாக்கணும், அம்புட்டுத்தான். இம்புட்டு வருசம் அதுக்குக் கீழயே நின்னு தூக்குனேன். சப்பரத்துல வாரப்ப மொகத்தப் பாத்ததே இல்ல. படுத்தப்புறந்தான பாக்க முடியுது" என்றார்.

 அவருடைய கும்பிட்டில் எதையும் கேட்டு வாங்குகிற காரியம் இல்லை என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் அவரை அதன் முன்னால் கொண்டுபோய்ப் போடுவது என் வேலை என்று ஆகிவிட்டது.

அன்று நகம் வெட்டி, வெள்ளை வேட்டி கட்டிவிட்டேன். பக்கத்து வீட்டு ஆட்கள் கட்டிலை வாசலில் போட்டார்கள். வழக்கப்படி சப்பரத்தின்மேல் போட உப்பும் மிளகும் அவர் கையில் கொடுத்தேன். பேண்டு சத்தம் முக்கு வரைக்கும் வந்தது. அப்புறம் எங்கள் மேலத்தெருவுக்குள் வராமல் விலகி, கீழத்தெருவுக்குள் போயிற்று.

நான் ஓடினேன். கூட்டத்தை விலக்கி உபதேசியாரின் முன்னால் போய் நின்று, "அவரு வாசல்ல காத்துக் கெடக்காரு. எப்பவும் வர்ற தெருதான எங்களுது?" என்று கேட்டேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "கோவிச்சுக்கிறாதீங்க டீச்சர். வருசா வருசம் நிப்பாட்டி ஒண்ணும் நடக்கலேன்னா, வெளியூர்க்காரன் நம்ம சம்மனசப் பத்தி என்ன நெனப்பான்? கோவிலுக்குப் பேரு இருக்குல்ல."

சம்மனசின் மானத்தைக் காப்பாற்ற என் வீட்டுக்காரரை மறைத்துவிட்டார்கள். நடுத்தெருவில் நின்று கத்த வேண்டும்போல இருந்தது. என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மெழுகுவர்த்தியோடு வரிசையில் நின்றார்கள். திரும்பி வந்துவிட்டேன்.

அவர் கையை மூடியபடியே கிடந்தார்.  சத்தத்தை வைத்தே அவருக்குப் புரிந்திருந்தது. "எனக்காக நிக்க வேணாம். வழக்கமா வர்ற வழிதான. சும்மா கடந்து போயிருக்கலாம்" என்றார். வியர்வையில் நனைந்திருந்த உப்பை நான்தான் விரலைப் பிரித்து எடுத்தேன்.

அடுத்த நாள் விளக்கு ஏற்றினேன். அவர் செபம் தொடங்கவில்லை. அதற்கடுத்த நாளும் சுவர்ப்பக்கம் பார்த்துக் கிடந்தார். கால் போனபோதுகூட அவர் அப்படிக் கிடந்ததில்லை. அந்த ஒன்றையும் இவர்கள் பிடுங்கிக்கொண்டு போவதா என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. கட்டிலில் உட்கார்ந்து, செபமாலையை எடுத்து, மேலத்தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி உரக்க நானே தொடங்கினேன். பக்தியால் இல்லை, சுத்தமான ரோஷத்தால். செபமாலையின் முதல் மணிக்கு அவர் பதில் சொல்லவில்லை. இரண்டாவதற்கும் இல்லை. நான் விடவில்லை. பத்தாவது மணியை உருட்டுகிற நேரத்தில் மெல்ல அவர் வாய் அசைந்தது.

அன்று முதல் அவர் இருந்தவரை நான்தான் தொடங்கினேன். ஒரு சாயங்காலமும் தவறவிட்டதில்லை. அவர் போனபோது அந்தச் செபமாலையை அவர் விரல்களில் சுற்றி அனுப்பிவிட்டேன். உபதேசியார் எனக்குப் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.