அடுகோடியில் ஆறு மணிக்கு முன் ஒரு கிச்சடி

கிருஷ்ணகிரியில் மத்தியானம் ஒன்றரை மணிக்குப் பெங்களூர் பஸ் ஏறினேன். தொண்ணூறு கிலோமீட்டர்தான், நாலரைக்கு அடுகோடியில் இருப்பேன் என்று கணக்குப் போட்டிருந்தேன். நண்பன் கமலேஷுக்கு ஸ்கூட்டர் சறுக்கிக் கால் முறிந்து மாவுக்கட்டு போட்டிருந்தது. அவன் மனைவி சுனிதா, மகள் பிரசவத்துக்காக ஜோத்பூர் போயிருந்தாள். விஷயம் தெரிந்தால் பச்சைக் குழந்தையையும் மகளையும் விட்டுவிட்டு ஓடி வருவாள் என்று அவன் அவளிடம் சொல்லவில்லை. மெஸ் சாப்பாட்டு எண்ணெய் அவன் வயிற்றைக் கெடுத்துவிட்டது. "நான் வந்து ஆக்கிப் போடுறேன்டா" என்று போனில் சொல்லிவிட்டேன். மோட்டார் காயில் கட்டுகிற எனக்கு அதுவரை டீ மட்டும்தான் போடத் தெரியும்.

ஓசூர் தாண்டி அத்திபெலேயில் லாரிகள் அடைத்து நின்றன. எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் பறந்த பஸ், இறங்கியதும் ஊர ஆரம்பித்தது. மடிவாளாவில் இறங்கி மார்க்கெட்டில் ஒரு பை நிறையக் காய்கறி வாங்கினேன். ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார், நூற்றியிருபதுக்கு ஒத்துக்கொண்டார்.

"சீக்கிரம் போங்கண்ணே, வெளிச்சம் போறதுக்குள்ள சமைக்கணும்."

"இந்த டிராஃபிக்லயா? சூரியனை நிறுத்தி வைக்கச் சொல்லுங்க சார்" என்றார்.

கார்த்திகை மாதம். கமலேஷ் வீட்டு லிஃப்டில் ஏறும்போதே வெளியே தெருவிளக்கு எரிய ஆரம்பித்துவிட்டது. கட்டிலில் காலை நீட்டிக் கிடந்தவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"வந்துட்டியா சேவியர்! நீ சாப்பிடு. எனக்கு நாளைக்குத்தான்."

ஜைனக் குடும்பம், இருட்டிய பிறகு அவன் சாப்பிட மாட்டான். ஒன்றாகப் படித்த நாளிலிருந்தே தெரியும். என்றாலும், காலில் கட்டோடு பசித்துக் கிடப்பவன் முன்னால் நான் மட்டும் எப்படிச் சாப்பிடுவது? பையைக் கட்டில்மேல் கொட்டினேன். அவன் ஒவ்வொன்றாக ஒதுக்கினான். உருளை, கேரட், வெங்காயம், பூண்டு, இஞ்சி.

"மண்ணுக்கு அடியில விளையுறது எதுவும் வேணாம்டா. பிடுங்கினா செடியே போயிடும், அதை ஒட்டியிருக்குற சின்னச் சின்ன உயிரும் போயிடும்."

"அப்ப மஞ்சள்?"

"காய்ஞ்ச பொடி பரவாயில்ல. இஞ்சிக்குப் பதிலா சுக்கு."

மிஞ்சியது பீன்ஸும் தக்காளியும். "சரி, இதை எப்படிச் சமைக்கிறது?" என்றேன்.

அவன் விழித்தான். "எது கூடாதுன்னு தெரியும். எப்படின்னு சுனிதாவுக்குத்தான் தெரியும்."

அந்த வீட்டில் சமையல் தெரியாதவர்கள் இரண்டு பேர் ஆனோம். நாளைக்கு இவன் பட்டினி கிடக்கக் கூடாது என்று உறுதி எடுத்துக்கொண்டுதான் படுத்தேன்.

மறுநாள் காலை கீழ்க்கடையில் வாழைக்காயும் பச்சைப் பட்டாணியும் வாங்கினேன். ஒதுக்கிய காய்களை வாட்ச்மேன் வாங்கிக்கொண்டார். காலைக் கிச்சடி கஞ்சியாகிவிட்டது. கமலேஷ் டம்ளரில் ஊற்றிக் குடித்தான். வாழைக்காய்ப் பொரியல் பரவாயில்லை. அரிசியும் பாசிப்பருப்பும் சம அளவு, நாலு பங்கு தண்ணீர் என்று சாயங்காலத்துக்குத் திருத்திக்கொண்டேன்.

சாயங்காலம் நாலரைக்கே குக்கரை ஏற்றினேன். விசில் வரவேயில்லை. தீய்ந்த வாடைதான் வந்தது. மூடியைச் சரியாகப் பொருத்தாததால் தண்ணீரெல்லாம் ஆவியாகி, அடியில் கருப்பாக ஒட்டியிருந்தது. மணி ஐந்தேகால்.

"விடுடா, ஒரு ராத்திரிதானே" என்றான் கமலேஷ்.

"வாயை மூடு. இன்னும் வெளிச்சம் இருக்கு."

வேறு குக்கரில் மறுபடி அரிசி, பருப்பு, வாழைக்காய், மஞ்சள்தூள், உப்பு. இந்த முறை மூடியை இரண்டு தரம் சரிபார்த்தேன். விசில் அடங்கக் காத்திருந்தபோது மேடையிலிருந்த கமலேஷின் போன் அடித்தது. அவசரத்தில் நான் தொட்டுவிட்டேன். வீடியோவில் சுனிதா.

"அண்ணா? நீங்க எப்படி என் கிச்சன்ல?"

சொல்ல வேண்டியதாயிற்று. போனை அறைக்குள் திருப்பிக் கட்டுப்போட்ட காலைக் காட்டினேன். கமலேஷ் தலையணையால் முகத்தை மறைத்துக்கொண்டான். அவள் பக்கத்தில் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. டிக்கெட் போடப்போகிறாள் என்றே நினைத்தேன்.

"அடுப்புல என்ன?" என்றாள்.

"கிச்சடி."

"ஆலு... உருளைக்கிழங்கு போட்டீங்களா?"

"இல்லம்மா, வாழைக்காய்."

"அங்க வெளிச்சம்?"

பால்கனிக்கு ஓடிப் போனை மேற்கே பிடித்தேன். எதிர்க் கட்டிடத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே சூரியன் சிவப்பாக நின்றது.

"அப்ப பேச்சு வேணாம். நெய் காய்ச்சுங்க. ஜீரகம். வெடிச்சதும் பெருங்காயம், பச்சமிளகாய். கொட்டிக் கலக்குங்க. முதல்ல அவருக்குப் போடுங்க. என்கிட்ட மறைச்சதுக்கு அப்புறம் கேக்குறேன்."

கமலேஷ் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வேகவேகமாகச் சாப்பிட்டான். கடைசி வாய் விழுங்கியபோது ஜன்னலில் இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்தது. அப்புறம் சுனிதா அவனைக் கேட்ட கேள்விகள் முடியும்வரை நான் பால்கனியில் போய் நின்றுகொண்டேன். ஆனால் அவள் டிக்கெட் போடவில்லை. தினமும் நாலரைக்குப் போனில் வந்து நின்றாள். கடி என்கிற அவர்கள் மோர்க்குழம்பு, வெண்டைக்காய், தால் என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொடுத்தாள். என் சப்பாத்தி மட்டும் கடைசிவரை வட்டமாக வரவில்லை.

கமலேஷ் வாக்கர் பிடித்து நடக்க ஆரம்பித்ததும் கிளம்பினேன். திரும்பும் பஸ் சில்க் போர்டு நெரிசலிலேயே நின்றுவிட்டது. கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டில் எல்லோரும் டிவி பார்த்து முடித்து, பத்து மணிக்குமேல் சாப்பிடுவோம். பசிக்கும்போது சாப்பிடலாம், இல்லாவிட்டால் அப்புறம் சாப்பிடலாம் என்று ஐம்பது வயது வரை இருந்துவிட்டேன். வெளிச்சத்துக்குள் ஒரு தட்டுச் சோறு போட, ஒரு நாளையே ஒழுங்காக அடுக்க வேண்டியிருக்கிறது.

அத்திபெலே வரும்போது மேற்கு மங்கிக்கொண்டிருந்தது. கமலேஷைக் கூப்பிட்டேன்.

"சாப்பிட்டியாடா?"

"ஆச்சு."

"யாரு செஞ்சது?"

"நான்தான். ஸ்டூல் போட்டு உக்காந்து செஞ்சேன். அடியில கொஞ்சம் பிடிச்சிருச்சு" என்றான். குரலில் அப்படியொரு பெருமை.