வளைவில் நின்ற கோங்கு

உள்ளங்கை அகலத்துக்கு விரிந்த மஞ்சள் பூ. ஐந்து இதழ்கள், நடுவில் நெருக்கமாக மகரந்தத் தாள்கள். அது பூக்கும்போது மரத்தில் ஓர் இலைகூட இருக்காது. கல்லூரியில் பழம்பாட்டு வகுப்பில் கோங்கு என்ற சொல் வந்த அன்று, அந்தப் பூவை நேரில் பார்த்தவர் யாரேனும் உண்டா என்று பேராசிரியர் கேட்டார். நான் கையை உயர்த்தவில்லை. பார்த்திருக்கிறேன் என்றால் அடுத்து எங்கே என்று கேட்பார். அதற்கு ஒற்றை வரியில் விடை என்னிடம் இல்லை.

கள்ளக்குறிச்சியிலிருந்து கரியாலூருக்கு மலையேறும் பேருந்து எங்கள் ஊரை ஒரு வளைவில் கடக்கும். வளைவின் ஒரு பக்கம் நெடுஞ்சாலைத் துறையின் புளியமரம். எதிர்ப்பக்கம், பெரியப்பாவின் நிலத்து வரப்பில் கோங்கு. மலையடிவாரத்து ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தபோது பெரியம்மா கொண்டுவந்து ஊன்றிய கிளை அது. எங்கள் பக்கத்தில் வேறெங்கும் இல்லாத மரம் என்பதால் ஊரில் அதற்குப் பெயரும் இல்லை. ‘மஞ்சப்பூ மரம்’ என்றே சொன்னார்கள். மாசி பிறந்தால் மொட்டைக் கிளைகளின் நுனியில் பூ வெடிக்கும். நடத்துநர்கள் அந்த நிறுத்தத்தையே ‘மஞ்சப்பூ எறங்கு’ என்று கூவுவார்கள். பெரியப்பா வீட்டில் தங்கித்தான் நான் பத்தாவது படித்தேன்.

அவை எங்கள் சாதிக்குத் தனி இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த ஆண்டுகள். மரத்தை வெட்டிக் குறுக்கே போட்டுச் சாலையை மறிப்பது என்று ஊர்தோறும் முடிவாயிற்று. எங்கள் ஊரில் பெரியப்பா முன்னின்றார். அதிகம் பேசாதவர், பேசினால் மறுபேச்சு இராது. அந்தப் பங்குனியில், விடிந்தும் விடியாத நேரத்தில், கோடாலியும் ரம்பமுமாக இளைஞர்கள் வளைவில் கூடினார்கள். முதல் பேருந்து வருமுன் சாலை அடைபட வேண்டும். அதன் பின்னாலேயே போலீஸ் வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கைகால்கள் வேகமாக இயங்கின. குரல்கள் மட்டும் தாழ்ந்திருந்தன.

புளியமரத்தடியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். காலனியைச் சேர்ந்தவர், அந்த ஆண்டு புளியைக் குத்தகைக்கு எடுத்தவர். பழுத்த புளி உலுக்கப்படாமல் கிளை கிளையாகத் தொங்கியது.

“இன்னும் உலுக்கக்கூட இல்லீங்க. ரெண்டு நாளு பொறுங்க, எறக்கினு போயிட்றேன்.”

“ரெண்டு நாளு பஸ்ஸ நிறுத்தி வெக்கச் சொல்லு, போ,” என்றான் ஒருவன். சிலர் சிரித்தார்கள்.

“எழுந்துரு. காலனிக்காரிக்குப் பயந்துக்கினு நிக்கிறதா நாங்க?” என்றான் இன்னொருவன், கோடாலியை மரத்தில் சாய்த்தபடி.

பெரியப்பா அவர்களை அடக்கவில்லை. வேலியோரம் நின்ற என்னைக் கைகாட்டி அந்தப் பெண்ணிடம் சொன்னார்: “இதுங்கள்லாம் காலேஜிக்குப் போவணும்னுதான் இவ்ளோவும். மரம் பெருசா, படிப்பு பெருசா?”

“எம் பொண்ணுந்தான் இஸ்கோலுக்குப் போவுதுங்க,” என்றார் அவர். “இந்தப் புளியிலதான் போவுது.”

யாரும் சிரிக்கவில்லை. அத்தனை பேர் பார்வையும் ஒரு கணம் என்மீது விழுந்தது. பாவாடை ஓரத்தைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் பொருட்டு வெட்டப்படப்போகும் மரம் அது.

அப்போதுதான் பெரியம்மா வந்தார். சாணி மெழுகிய கையோடு நேரே கோங்கின் அருகில் போய் நின்றார். “மரந்தான வோணும்? இத வெட்டு. இது நம்பளுது. எவகிட்டயும் கேக்க வாணாம்.”

பெரியப்பா மரத்தை அண்ணாந்து பார்த்தார். உச்சிவரை பூ. பிறகு தலையசைத்தார். ரம்பம் பாதி இறங்குவதற்குள் மரம் சாய்ந்தது. சாய்ந்த மரம் சாலையை அடைக்கவில்லை. தார்மீது மோதியதும் துண்டு துண்டாக முறிந்து சிதறியது. சாலை முழுக்க மஞ்சளாயிற்று. ஒரு மிதிவண்டியைக்கூட அது நிறுத்தியிராது.

“இன்னா பெரீம்மா, முருங்கையா இது?” என்று சிரித்தபடி ஒருவன் மறுபடி புளியமரத்தை நோக்கி நடந்தான். தொலைவில் பேருந்தின் ஒலிப்பான் கேட்டது. அந்தப் பெண் இரு கைகளாலும் அடிமரத்தைக் கட்டிக்கொண்டார்.

பெரியம்மா வீட்டுப் பக்கம் ஓடினார். நுகத்தடியைப் பிடித்து எங்கள் மாட்டு வண்டியை இழுத்துக்கொண்டு வந்தார். வரப்பு மேட்டில் சக்கரம் திணறியது. புளியமரத்தை விட்டுவிட்டு வந்து நுகத்தின் மறுமுனையைப் பிடித்தார் காலனிப் பெண். அவ்விருவரும் அவ்வளவு நெருக்கத்தில் நின்று அதற்கு முன் நான் கண்டதில்லை. வண்டி சாலையில் ஏறிக் குறுக்கே நின்றது.

எல்லோரும் பெரியப்பாவைப் பார்த்தோம். மரத்தை விடு என்று அவர் சொல்லவில்லை. சக்கரத்தருகே குந்திக் கடையாணியைப் பிடுங்கினார். இளைஞர்கள் தூக்கிப் பிடிக்க, சக்கரத்தைக் கழற்றி உருட்டிவிட்டார். வண்டி ஒருபக்கம் சரிந்து உட்கார்ந்தது. வளைவைத் திரும்பிய பேருந்து அதன் முன் நின்றது.

போலீஸ் வந்தபோது எல்லோரும் கரும்புத் தோட்டங்களுக்குள் ஓடி மறைந்தார்கள். வெட்டிய மரம் வெட்டியவனைக் காட்டிக்கொடுப்பதில்லை. வண்டியோ அப்படியல்ல. அதன் பக்கப் பலகையில் பெரியப்பாவின் பெயர், அவருடைய அப்பாவின் பெயர், ஊர் மூன்றும் வெள்ளை எழுத்தில் இருந்தன. மாலையில் வீட்டுக்கே வந்து பெரியப்பாவை அழைத்துப் போனார்கள். “அய்யோ, நாந்தான இஸ்துக்கினு வந்தேன்,” என்று பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டார். “சும்மா இரு. மாட்டுக்குத் தண்ணி காட்டு,” என்று சொல்லிவிட்டு அவர் ஜீப்பில் ஏறினார்.

அவர் கடலூர்ச் சிறையில் இருந்த நாட்களில் புளி உலுக்கப்பட்டது. பெரியம்மா வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணும் அவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. இளைத்துத் திரும்பி வந்த பெரியப்பாவும் அந்தக் காலையைப் பற்றிப் பேசியதில்லை. ஒதுக்கீடு வந்தது. எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த அன்று, “ம்” என்றார், அவ்வளவுதான். சென்ற ஐப்பசியில் காலமானார்.

இந்த மாசியில் ஊருக்குப் போனபோது கோங்கின் வெட்டிய அடியிலிருந்து வளர்ந்த கிளையில் முதல்முறையாகப் பூ வந்திருந்தது. கீழே உதிர்ந்ததை எடுத்து என்னிடம் கொடுத்த பெரியம்மா, நான் கேட்காமலே சொன்னார்: “பலகையில பேரு இருக்கறத நாந்தான் மறந்துட்டேன். அவரு மறக்கல. எழுத்துக்கு நேரா குந்திக்கினுதான் கடையாணிய புடுங்கினாரு.”

பூவை மதிய உணவு டப்பாவில் வைத்துக் கல்லூரிக்குக் கொண்டுவந்தேன். பேராசிரியரின் மேசையில் வைத்தபோது ஓர் இதழ் ஓரத்தில் கன்றியிருந்தது. அவர் அதைத் தொடாமல் குனிந்து பார்த்தார். பிறகு எங்கே கிடைத்தது என்று கேட்டார். நிமிர்ந்து நின்று, பெரியப்பாவின் பெயர், அவருடைய அப்பாவின் பெயர், ஊர் என்று, அந்தப் பலகையில் இருந்த வரிசையிலேயே சொன்னேன்.