ரத்தத்தில் தப்பு

கல்யாணத்துக்கு நாள் குறித்து வெற்றிலை மாற்றிக்கொள்வதற்காகக் கூடிய அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: அம்மா, அக்கா, அக்கா வீட்டுக்காரரான மாமா, ஊர்த் தலைவர், பஞ்சாயத்துக்காரர் இரண்டு பேர், நான். இல்லாதவர்கள் இரண்டு பேர். கல்யாணப் பெண்ணான அக்கா மகள் வரவில்லை; பெண்ணை வைத்துக்கொண்டு பேசுகிற வழக்கம் எங்கள் குப்பத்தில் கிடையாது. அவளுடைய தம்பி வரவில்லை. அவன் செத்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

அவன் செத்ததால்தான் அந்த அவசரம். சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்புவதற்குள் ஒரு நல்ல காரியம் நடந்துவிட வேண்டும். மாப்பிள்ளை தேடுகிற வேலையும் இல்லை, நான் இருந்தேன். அக்காவுக்கு மகள் பிறந்த அன்று எனக்கு ஐந்து வயது. “டேய், உனுக்குப் பொண்டாட்டி பொறந்துட்டாடா, போய்ப் பாரு” என்று என்னைத் துரத்திவிட்டு ஊரே சிரித்ததாம். அந்தச் சிரிப்பு முடிந்துவிட்டதாகப் பல வருஷம் நினைத்திருந்தேன்.

மாமா வேற்று ஆள் இல்லை. அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. தன் அக்கா மகளையே கட்டிக்கொண்டவர். அப்பா நான் மூன்றாவது படிக்கும்போதே கடலில் போய்விட்டார். அதன் பிறகு எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது மாமா பழவேற்காடு ஏரியில் போட்ட வலையால். என் வயதுப் பையன்களெல்லாம் படகில் ஏறியபோது என்னை மட்டும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவரும் அவர்தான். ஏரியைத் தாண்டி, பஸ் பிடித்து, பொன்னேரியில் ரயில் ஏறி, நான் மெட்ராஸில் விலங்கியல் படித்த மூன்று வருஷமும் அவர் ஒரு நாள்கூடச் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் மறுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

அக்கா மகன் பிறந்த ஆறாம் மாதத்திலிருந்தே வெளுத்திருந்தான். நான்கு வயதில் வயிறு மட்டும் பானை மாதிரி, கைகால் குச்சி. மஞ்சள் காமாலை என்று பச்சிலை கொடுத்தார்கள். நான் இரண்டாவது வருஷம் படிக்கும்போது அவனை மாமாவோடு மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்த லேடி டாக்டர் என் புத்தகப் பையைப் பார்த்துவிட்டு, மாமாவிடம் சொல்லாததை என்னிடம் சொன்னார். இது இடையில் வந்த நோய் இல்லை, பிறப்பிலேயே ரத்தத்தில் வருவது. அப்பாவிடம் அதில் ஒரு பாதி, அம்மாவிடம் ஒரு பாதி இருந்திருக்கிறது. பாதி வைத்திருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது, வலை இழுப்பார்கள், பிள்ளை பெறுவார்கள். இரண்டு பாதியும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்தால் இப்படி. ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு.

“அப்பா அம்மா ரெண்டு பேரும் சொந்தமா?” என்று கேட்டார்.

“தாய்மாமன்.”

டாக்டர் தலையாட்டிவிட்டு ரத்தம் ஏற்ற எழுதிக்கொடுத்தார்.

அந்த மாதம்தான் எங்களுக்கு வகுப்பில் ஹீமோகுளோபின் பாடம் நடந்தது. நூற்று நாற்பது சொச்சம் மணிகள் கோத்த சரம் ஒன்று. அது நீளவாக்கில் கிடப்பதில்லை. தானாகவே சுருண்டு, மடிந்து, நடுவில் ஒரு குழி விட்டு, அந்தக் குழியில் இரும்பை வைத்துக்கொள்கிறது. இரண்டு வகைச் சரத்தில் இரண்டிரண்டாக நான்கு சேர்ந்தால்தான் மூச்சுக்காற்றைச் சுமக்க முடியும். எந்த மணிக்குப் பின் எந்த மணி என்பது பெற்றோரிடமிருந்து வருகிற எழுத்து. ஓர் எழுத்து மாறி, ஆறாவது இடத்தில் ஒரு மணி மாறினால் போதும், ரத்த அணு அரிவாள் மாதிரி வளைந்துவிடும் என்று விரிவுரையாளர் பலகையில் வரைந்தார். அக்கா மகனுடையது அந்த வகை இல்லை. அவனுக்கு ஒரு வகைச் சரமே போதுமான அளவு உண்டாகவில்லை. துணை கிடைக்காத மற்றச் சரங்கள் கட்டிதட்டி அணுவையே உடைத்தன. மற்றவர்கள் பரீட்சைக்கு எழுதிக்கொண்டார்கள். நான் பலகையில் பையனின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் செத்தது வயிற்றுப்போக்கில். இரண்டு நாள் தண்ணீராகப் போய், மூன்றாம் நாள் காலையில் ஆழமாக, வேகமாக மூச்சு வாங்க ஆரம்பித்தான். அவனைப் படகில் போட்டுக்கொண்டு மாமாவும் அக்காவும் அவள் மகளும் நானும் கிளம்பினோம். கோடையில் ஏரியில் தண்ணீர் வற்றியிருந்தது. பாதி வழியில் படகு சேற்றில் தட்டி நின்றது. மாமாவும் நானும் இறங்கித் தள்ளினோம். அக்கா, “காத்து நல்லா வலிக்கிறான் பாரு, பொழச்சுக்குவான்” என்றாள். அந்த மூச்சு என்னவென்று எனக்குத் தெரியும். செய்முறை வகுப்பில் சோதனைக் குழாயில் அமிலம் விட்டிருக்கிறேன். நிறங்காட்டி விட்ட வெறும் தண்ணீர் முதல் சொட்டிலேயே நிறம் மாறிவிடும். தாங்கல் கரைசல் மாறாது. இருபது சொட்டு, முப்பது சொட்டு என்று வாங்கிக்கொண்டே இருக்கும். பிறகு ஒரு சொட்டில் சட்டென்று மாறிவிடும். ரத்தமும் ஒரு தாங்கல் கரைசல். அமிலத்தைத் தாங்குகிற உப்பு அவன் வயிற்றால் போய்விட்டது, மீதியைத் தாங்க வேண்டிய ஹீமோகுளோபினோ அவனிடம் முதலிலிருந்தே குறைவு. மிஞ்சியது நுரையீரல். கரியமில வாயுவை ஊதி ஊதி வெளியே தள்ளி அவன் ரத்தத்தைச் சரிப்படுத்தப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் சேற்றில் நின்றுகொண்டு பாடத்தில் படித்தபடியே அது நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கரை வருவதற்குள் மூச்சு நிதானமானது. அக்கா சந்தோஷப்பட்டாள்.

இவ்வளவும் உள்ளே வைத்துக்கொண்டுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை பாயில் உட்கார்ந்திருந்தேன். தலைவர் பஞ்சாங்கத்தைப் புரட்டி ஒரு தேதி சொன்னார். மாமா என்னைப் பார்த்தார்.

“இன்னா நைனா, உனுக்கு சரிதான?”

அக்காவிடம் ஒரு பாதி இருப்பது நிச்சயம். அவள் மகளிடம் இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. என்னிடம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இதை எப்படிச் சொல்வது? பாடநூலில் ‘திடீர்மாற்றம்’ என்று ஒரு சொல் இருந்தது. அதைச் சொன்னால் யாருக்கும் விளங்காது. எல்லோருக்கும் விளங்குகிற சொல்லாக ஒன்றை அப்போதே தேடி எடுத்தேன்.

“மாமா, பையன் செத்தது வயித்தால போனதுனால மட்டும் இல்ல. நம்ம ரத்தத்துல ஒரு தப்பு நடந்து இருக்குது. அக்காகிட்ட இருக்குது. அது அம்மா வழியா வந்து இருக்கலாம்.”

வெற்றிலைத் தட்டில் ஈ மொய்த்தது. அம்மா எழுந்து, என் கன்னத்தில் அறைந்துவிட்டு உள்ளே போனாள். அப்போதும் எனக்குப் புரியவில்லை.

மாமாதான் புரியவைத்தார். “எங்க அக்கா தப்பு பண்ணாளா? புருசன் கடல்ல பூட்டப்பறமும் தலை நிமுராம குந்திக்கினு உன்ன வளத்தவ தப்பு பண்ணாளா? இதுக்காடா உன்ன காலேசுக்கு அனுப்சேன்?”

“அந்தத் தப்பு இல்ல மாமா…”

“வேற எந்தத் தப்பு? ரத்தத்துல தப்புன்னா இன்னா அர்த்தம்? இவளுக்கு அப்பன் வேறன்றியா, உனுக்கு அப்பன் வேறன்றியா? எதுன்னா ஒண்ணு சொல்லு!”

அக்கா அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் தாங்கவில்லை.

மறு வாரம் பஞ்சாயத்து கூடியது. வலை உலர்த்துகிற மைதானத்தில் நான் நடுவில் நின்றேன். விளக்கமாகச் சொன்னால் புரியும் என்று அப்போதும் நம்பினேன். வலையில் ஒரு கண்ணி தவறினால் எப்படி என்று ஆரம்பித்தேன். ஒரு பஞ்சாயத்துக்காரர் மறித்தார்.

“கண்ணி உட்டுதுன்னா வலைய முடிஞ்சுக்கலாம். இவன் முடிய முடியாதுன்றான். அப்ப இன்னாத்துக்கு வலையப் பத்திப் பேசுறான்?”

எல்லோரும் சிரித்தார்கள். “நாலுல ஒண்ணுன்றியே, மீன் வித்த கணக்கா இது?” என்று இன்னொருவர். “உங்க மாமனுக்கு ரெண்டு புள்ள. ரெண்டுல ஒண்ணு பூட்ச்சு. கணக்கே தப்பா கீதே.”

ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக நாலில் ஒன்று என்று நான் சொன்னது சிரிப்பில் கேட்கவில்லை. தீர்ப்பு இரண்டு வரிதான். பெற்றவளைப் பேசிய குற்றத்துக்கு ஊருக்கு நூற்றியொரு ரூபாய் தண்டம். ‘கெட்ட ரத்தம்’ என்று ஊர் வாயில் விழுந்துவிட்ட பெண்ணை இனி வேறு யாரும் கட்டமாட்டார்கள். அவளை நானேதான் கட்டிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அம்மாவும் நானும் குப்பத்தைவிட்டுப் போக வேண்டும்.

ஊரைவிட்டுப் போகலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை வந்துகொண்டிருந்தது. தண்ணீர் சோதிக்கிற ஆய்வுக்கூட வேலை ஒன்று கிடைக்கும்போல இருந்தது. ஆனால் அம்மா வரமாட்டேன் என்றாள். என்னிடம் அல்ல, சுவரைப் பார்த்துச் சொன்னாள். நான் மட்டும் போனால் அந்தப் பெண் குப்பத்திலேயே அந்தப் பெயரோடு இருப்பாள். அந்தப் பெயரை வைத்தவன் நான்.

அக்கா மகள் கருவாடு காயப்போடுகிற இடத்தில் ஒருநாள் மத்தியானம் என்னை நிறுத்தினாள். அவளுக்குப் பதினாறு முடிந்து இரண்டு மாதம்.

“மாமா, எனுக்கும் கீதா அது?”

“தெரியல. ரத்தம் எடுத்துப் பாத்தா தெரியும்.”

“உனுக்கு?”

“அதுவும் பாத்தாதான்.”

“அப்ப பாத்துட்டு வா. என்னையும் இட்டுக்கினு போ.”

“என்கூட ரயில்ல வந்தீன்னா, அப்பறம் என்னதான் நீ கட்டிக்கணும். வேற வழி இல்ல தெரியுமா?”

“இப்ப மட்டும் எத்தினி வழி கீது?” என்றாள். கையிலிருந்த மீனைத் திருப்பிப் போட்டாள்.

கட்டிக்கொள்ளலாமா கூடாதா என்று தெரிந்துகொள்ள நாங்கள் ஒன்றாகப் போக வேண்டியிருந்தது. ஒன்றாகப் போனதாலேயே கட்டிக்கொண்டாக வேண்டியதாயிற்று. அன்று பொன்னேரி ரயிலில் எதிரெதிராக உட்கார்ந்து இரண்டு பேரும் ஜன்னல் வழியாக உப்பளத்தைப் பார்த்துக்கொண்டே போனோம். இரண்டு வாரம் கழித்து, சோதனைச் சீட்டு வாங்க மறுபடியும் இரண்டு பேரும் போனோம். அதே லேடி டாக்டர்தான். முதலில் என்னுடையதைச் சொன்னார்: ஒரு பாதி. பிறகு அவளுடையது: ஒரு பாதி.

“கல்யாணம் வேண்டாம்னுதான் நான் சொல்வேன்” என்றார் டாக்டர். நல்லவர். எங்கள் மைதானத்தை அவர் பார்த்ததில்லை.

வெளியில் மரத்தடியில் அவளுக்கு விளக்கினேன். அவளுக்கு மாத்திரம் ஒரு தடவையிலேயே புரிந்தது. தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான்.

“நாலுல மூணு நல்லா இருக்குமா?”

“இருக்கும். ஆனா எது அந்த ஒண்ணுன்னு முன்னாடி தெரியாது. ஒவ்வொரு தடவையும் அதே நாலு.”

கீழே கிடந்த சருகு ஒன்றை எடுத்து நாலாகக் கிழித்தாள். “எனுக்கு ஒண்ணும் வோணாம் மாமா. அவன் படகுல மூச்சு வலிச்சத பாத்துட்டு இன்னொன்ன என்னால பெத்துக்க முடியாது. ஆனா கெட்ட ரத்தம்னு எங்க ஊட்ல குந்திக்கினு இருக்கவும் முடியாது. நீ தாலி மட்டும் கட்டு.”

தண்டம் கட்டினேன். குறித்த தேதியிலேயே தாலியும் கட்டினேன். ஊருக்குச் சந்தோஷம். மாமா என் தோளில் கைபோட்டு, “படிச்சவன் கொழம்பித்தான் தெளிவான்” என்று எல்லோரிடமும் சொன்னார். அம்மா பேச ஆரம்பித்தாள். எங்களுக்குக் கும்மிடிப்பூண்டியில் ஓர் அறை வாடகைக்குக் கிடைத்தது. அக்கா மாதத்துக்கு ஒரு முறை இறால் எடுத்துக்கொண்டு வருவாள். வந்ததும் முதலில் மகளின் முகத்தைப் பார்ப்பாள், பிறகு வயிற்றைப் பார்ப்பாள்.

“ஒண்ணும் விசேசம் இல்லியா?”

“இல்லம்மா.”

எத்தனை மாதம் எச்சரிக்கையாக இருப்பது? பத்துக்குப் பத்து அறை. தேதி தள்ளிப்போன இரண்டு மாதங்களில் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அந்தச் சமயத்தில் ஊரெல்லாம் குடும்பக் கட்டுப்பாட்டு முகாம் நடந்தது. தொழிற்பேட்டைக்குப் பக்கத்திலும் கொட்டகை போட்டிருந்தார்கள். ஆண்களுக்கான ஆபரேஷன், பத்து நிமிஷ வேலை என்று ஒலிபெருக்கி சொன்னது. பிள்ளை இல்லாதவனுக்குச் செய்யமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

மேசைக்குப் பின்னாலிருந்தவர் தலை நிமிராமல் கேட்டார். “எத்தனை கொழந்த?”

“மூணு.”

“எல்லாம் நல்லா கீதா?”

“மூணும் நல்லா இருக்குதுங்க.”

எழுதிக்கொண்டார். வாழ்க்கையில் நான் யாரிடமும் அவ்வளவு சரளமாகப் பொய் சொன்னதில்லை. அறைக்குத் திரும்பியபோது அவள் கதவைத் திறந்துவிட்டு, நான் நடந்த நடையைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். ஒன்றும் கேட்காமல் பாயை விரித்தாள். அக்கா இன்றைக்கும் கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டிருக்கிறாள். குறை தன் மகளிடம் என்று நினைக்கிறாள். அவளிடம் சொல்ல இன்னொரு சொல்லை நான் இதுவரை கண்டுபிடிக்கவில்லை.

ஊருக்குக் கட்டிய தண்டம் நூற்றியொரு ரூபாய். ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேர் இரண்டு தடவை போய்வந்தது ஒன்பது ரூபாய். ஆபரேஷன் செய்துகொண்டதற்கு முகாமில் என் கையில் கொடுத்தது எழுபத்தைந்து ரூபாய். அதைக் கழித்துவிட்டால் எங்களுக்குச் செலவானது முப்பத்தைந்து ரூபாய்.